யானைக்கும் அடி சறுக்கும் அக்டோபர்

2023 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை. மெர்லிமாவில் காலை மணி 9 தாண்டியிருந்தது. கடைகளில் ரொட்டி சானாயும் தே தாரிக்குமாக நம்மவர்கள் பசியாறிக்கொண்டிருந்த நேரம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அப்போது சனிக்கிழமை மாலை. அங்கே ஒரு பேஸ்பால் அரங்கில், உலகின் தலைசிறந்த பந்து எறிபவர்களில் ஒருவரான கிளேட்டன் கெர்ஷா ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஆண்டின் சிறந்த பந்து எறிபவருக்கு வழங்கப்படும் 'சை யங்' விருதை மூன்று முறை பெற்றவர் அவர்.

அன்று எதிரணியில் ஒரே ஒருவரைத்தான் அவரால் வெளியேற்ற முடிந்தது. அதற்குள் 6 ரன்கள் போய்விட்டன. முதல் இன்னிங்ஸ் முடிவதற்கு முன்பே அவர் களத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவருடைய அணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 11-2 எனத் தோற்றது. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்று, அந்த ஆண்டுப் போட்டியிலிருந்தே வெளியேறியது.

இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். அந்தப் பருவத்தில் டாட்ஜர்ஸ் அணி 162 ஆட்டங்கள் ஆடி 100 ஆட்டங்களில் வென்றிருந்தது. அதை வீட்டுக்கு அனுப்பிய அரிசோனா டைமண்ட்பேக்ஸ் வென்றதோ 84 மட்டுமே. ஏறக்குறைய ஆறு மாத உழைப்பில் கிடைத்த 16 வெற்றிகளின் இடைவெளி, மூன்றே ஆட்டங்களில் காணாமல் போனது.

பேஸ்பால் நம் ஊர் விளையாட்டு இல்லைதான். ஆனால், தேர்வு நெருங்கும் ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இந்தத் தோல்விக்குள் இருக்கிறது.

எட்டு அணிகள், நான்கு தொடர்கள்

பள்ளியில் சாப்ட்பால் ஆடியவர்களுக்குப் பேஸ்பால் புதிதல்ல. இரண்டும் ஒரே குடும்பம். ஒருவர் எறிய, ஒருவர் மட்டையால் அடித்துவிட்டு ஓடி, நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஒரு ரன். பந்தின் அளவும், எறியும் முறையும், மைதானத்தின் பரப்பும்தான் வேறு.

அமெரிக்க மேஜர் லீக் போட்டியில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் பருவம் முழுக்க 162 ஆட்டங்கள் ஆடும். அதன்பின் 12 அணிகள் மட்டும் இறுதிக்கட்டத்துக்குத் தகுதி பெறும். 2022 முதல் நடப்பில் உள்ள ஏற்பாடு இது. முதல் சுற்றில் மூன்று ஆட்டத் தொடர். அடுத்து வருவது 'டிவிஷன் சீரிஸ்' எனப்படும் ஐந்து ஆட்டத் தொடர். எஞ்சியிருக்கும் எட்டு அணிகள் மோதும் இந்தச் சுற்றை நம் வழக்கில் காலிறுதி என்று சொல்லிவிடலாம். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவர் மேலே போவார். அதற்கு அடுத்த இரண்டு கட்டங்களும் ஏழு ஆட்டத் தொடர்கள்.

ஒவ்வொரு லீக்கிலும் தம் பிரிவில் முதலிடம் பிடித்த அணிகளில் சிறந்த இரண்டுக்கு, ஆக மொத்தம் நான்கு அணிகளுக்கு, ஒரு சலுகை உண்டு. அவை முதல் சுற்றில் ஆட வேண்டியதில்லை. நேராகக் காலிறுதிக்கு வந்துவிடும். அப்படி வரும் பெரிய அணிகள் விழும் பள்ளமாகத்தான் இந்தச் சுற்று பல முறை அமைந்திருக்கிறது. 2022-இல் 111 ஆட்டங்களில் வென்ற டாட்ஜர்ஸ், 89 வென்ற சான் டியாகோ பட்ரேஸ் அணியிடம் இதே சுற்றில் 3-1 எனத் தோற்றது. 2023-இல் டாட்ஜர்ஸ் மட்டும் விழவில்லை. 104 வெற்றிகள் பெற்ற அட்லாண்டா பிரேவ்ஸ், 90 வென்ற ஃபிலடெல்ஃபியா ஃபிலிஸிடம் விழுந்தது. 101 வெற்றிகள் பெற்ற பால்டிமோர் ஓரியோல்ஸ், 90 வென்ற டெக்சஸ் ரேஞ்சர்ஸிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வெளியேறியது. அந்தப் பருவத்தில் நூறு வெற்றிகளைத் தொட்ட மூன்று அணிகளும் ஒரே சுற்றில் காலி! கடைசியில் கிண்ணத்தைத் தூக்கியது டெக்சஸ்.

கணக்கு என்ன சொல்கிறது?

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டாம். நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் படிக்கும் நிகழ்தகவுப் பாடத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு தாளும் பேனாவும் போதும்.

ஓர் அணி இன்னோர் அணியைவிடத் தெளிவாகவே வலுவானது என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை மோதினால் ஆறு முறை அதுதான் வெல்லும். அதாவது, ஓர் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு 0.6, தோற்கும் வாய்ப்பு 0.4.

ஒரே ஓர் ஆட்டம் வைத்தால் வலுவான அணி வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு. மூன்று ஆட்டத் தொடரில் அது மூன்று வழிகளில் வெல்லலாம். முதல் இரண்டையும் வெல்வது: 0.6 × 0.6 = 0.36. வென்று, தோற்று, வெல்வது: 0.6 × 0.4 × 0.6 = 0.144. தோற்று, வென்று, வெல்வது: அதுவும் 0.144. மூன்றையும் கூட்டினால் 0.648. ஏறக்குறைய 65 விழுக்காடு.

இதே முறையில் ஐந்து ஆட்டத் தொடருக்குக் கணக்கிட்டால் 68 விழுக்காடு வரும். ஏழு ஆட்டத் தொடருக்கு 71 விழுக்காடு. நீங்களே போட்டுப் பாருங்கள், நல்ல பயிற்சி.

இந்த எண்கள் இரண்டு உண்மைகளைச் சொல்கின்றன. ஒன்று, ஆட்டங்களின் எண்ணிக்கை கூடக் கூட, திறமைக்கு உரிய பலன் கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. இரண்டு, ஏழு ஆட்டம் வைத்தாலும் வலுவான அணி நூற்றுக்கு 29 முறை தோற்கத்தான் செய்யும். ஐந்து ஆட்டத் தொடரில் அது நூற்றுக்கு 32. ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை! 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று நம் பெரியவர்கள் சொன்னதற்குக் கணக்குப் புத்தகமே சாட்சி.

பேஸ்பாலின் தன்மையும் இதற்குத் துணை போகிறது. ஆட்டத்தைத் தொடங்கும் பந்து எறிபவர் ஒரு நாள் எறிந்தால், தோள் ஓய்வுக்காக அடுத்த சில நாள்கள் எறிய மாட்டார். நீண்ட பருவத்தில் ஓர் அணிக்கு அப்படி ஐந்து பேராவது வேண்டும். குறுகிய தொடரிலோ மிகச் சிறந்த இரண்டு, மூன்று பேர் இருந்தாலே சமாளித்துவிடலாம். நீண்ட பருவத்தில் தெரியும் ஆழம் குறுகிய தொடரில் அவ்வளவாகத் தெரியாது. 2023-இல் அரிசோனா அணி மூன்றாவது ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் நான்கு ஹோம் ரன்கள் அடித்தது. அந்த ஒரே இன்னிங்ஸ் ஒரு முழுப் பருவத்தின் கதையை முடித்துவைத்தது.

நமக்கும் இது புதிதல்ல

மலேசியக் கிண்ணக் காற்பந்து வரலாற்றிலும் இதே கதை உண்டு. 1979 முதல், மாநில அணிகள் முதலில் லீக் முறையில் ஆடின. பட்டியலில் முதல் நான்கு இடங்களைப் பிடித்த அணிகள் மலேசியக் கிண்ண அரையிறுதிக்குப் போயின. அமெரிக்கர்கள் அக்டோபரில் நடத்துவதும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். லீக் வெற்றியாளருக்கென்று தனிக் கிண்ணம் வழங்கப்பட்டது 1982-இல்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கெடா அணியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1987, 1988, 1989 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கெடா மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்கு வந்தது. மூன்று முறையும் கோலாலம்பூரிடமே தோற்றது. நான்காவது ஆண்டு மீண்டும் வந்தது. 1990-இல் லீக் பட்டத்தை வென்றிருந்த சிலாங்கூரை இறுதியாட்டத்தில் 3-1 என வீழ்த்திக் கிண்ணத்தைக் கொண்டு போனது. பட்டியலில் முதலிடம் சிலாங்கூருக்கு, கிண்ணம் கெடாவுக்கு. இரண்டும் உண்மையான சாதனைகளே. ஆனால், அவை அளப்பது வேறு வேறு விஷயங்களை.

ஐ.பி.எல். கிரிக்கெட் இரசிகர்களுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு. அங்கே 2011 முதல் பட்டியலில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகளுக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு உண்டு. முதல் தகுதி ஆட்டத்தில் தோற்றாலும் இரண்டாவது தகுதி ஆட்டத்தில் ஆடலாம். மூன்றாம், நான்காம் இடத்து அணிகளோ ஒரு முறை தோற்றால் அவ்வளவுதான். 2013-இல் முதல் தகுதி ஆட்டத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் மும்பையை வென்றது. தோற்ற மும்பை அந்த இரண்டாவது வாய்ப்பைப் பயன்படுத்தி இறுதியாட்டத்துக்கு வந்து, அதே சென்னையைத் தோற்கடித்துக் கிண்ணத்தை வென்றது. மும்பைக்கு அந்த வாய்ப்பு சும்மா கிடைக்கவில்லை. லீக் சுற்று முழுக்க உழைத்துச் சம்பாதித்தது அது.

தேர்வும் ஒரு தொடர்தான்

இப்போது நம் கதைக்கு வருவோம். யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நிறுத்தப்பட்டது. பி.டி.3 2022-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் பதினோர் ஆண்டுப் பள்ளிப் படிப்பில் எஞ்சி நின்ற பெரிய பொதுத் தேர்வு எஸ்.பி.எம். வீட்டில் எவ்வளவு பதற்றம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முடிவு வெளியான அன்று அத்தையும் மாமாவும் போன் செய்து கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை ஏ?"

அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்து, "இந்தப் பையன் தேறுவான்", "இந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராது" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். மூன்று ஆட்டங்களைப் பார்த்துவிட்டு 162 ஆட்டங்களை மறந்துவிடுவது போன்றது இது. தேர்வு நாளில் காய்ச்சல் வந்திருக்கலாம். முதல் நாள் இரவு வீட்டில் சண்டை நடந்திருக்கலாம். கேள்வியைத் தவறாகப் படித்திருக்கலாம். கெர்ஷாவுக்கே ஒரு நாள் பந்து கைக்கு அடங்கவில்லை. நமக்கு அடங்காமல் போவதில் அதிசயமில்லை.

இதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேலே பார்த்த கணக்கை இன்னொரு முறை பாருங்கள். 60 விழுக்காடு வலுவுள்ள அணிக்கு ஏழு ஆட்டம் கொடுத்தால் வெற்றி வாய்ப்பு 71 விழுக்காடாகிறது. அதே அணி பயிற்சியால் தன் வலுவை 70 விழுக்காடாக உயர்த்திக்கொண்டால், ஒரே ஆட்டத்திலேயே 70 விழுக்காடு வந்துவிடுகிறது. எத்தனை ஆட்டம் என்பதை முடிவு செய்வது தேர்வு வாரியம். வலுவைக் கூட்டுவது நம் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

'ஸ்பாட்' பண்ணிப் படிப்பவர் செய்யும் தவறு

"இந்த வருடம் இந்தப் பாடத்திலிருந்துதான் கேள்வி வரும்" என்று கணித்து, சில பாடங்களை மட்டும் படிப்பதை நம் மாணவர்கள் 'ஸ்பாட்' பண்ணுவது என்பார்கள். கணித்த கேள்வி வந்தால் கொண்டாட்டம். வராவிட்டால் எல்லாம் போச்சு. இப்படிப் படிப்பவர் தன் தேர்வைத் தானே ஓர் ஆட்டத் தொடராகச் சுருக்கிக்கொள்கிறார். அவருக்கு எதிராக அதிர்ஷ்டம் முழு பலத்தோடு ஆடும்.

பாடத்திட்டம் முழுவதையும் படித்தவருக்குக் கதை வேறு. எஸ்.பி.எம். கணிதம் முதல் தாளில் 40 கேள்விகள். அவருக்கு அது 40 ஆட்டங்கள் கொண்ட நீண்ட தொடர். இரண்டு, மூன்று கேள்விகள் காலை வாரிவிட்டாலும் மீதி 37 அவரைத் தாங்கிப் பிடிக்கும். அதே தாள், அதே மண்டபம், அதே இரண்டு மாணவர்கள். ஒருவர் பகடை உருட்டுகிறார். மற்றவர் பருவம் முழுக்க ஆடி முடித்துவிட்டு வந்து அமர்கிறார்.

இன்னும் ஆட்டம் இருக்கிறது

எஸ்.பி.எம். எதிர்பார்த்தபடி அமையாவிட்டால்? மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் சான்றிதழ் என்பது விதி. அவற்றில் சறுக்கியவர்கள் மறுதேர்வு எழுதலாம். அதை வெட்கமாக நினைத்து விட்டுவிடுபவர்கள்தான் உண்மையில் தோற்றவர்கள். மூன்று இறுதியாட்டங்களில் தோற்ற கெடா, நான்காவது ஆண்டு 'இனி எதற்கு?' என்று வீட்டிலேயே இருந்திருந்தால் 1990 கிண்ணம் ஏது?

எஸ்.டி.பி.எம். தேர்வும் ஒரு காலத்தில் ஆறாம் படிவத்தின் முடிவில் வைக்கப்பட்ட ஒரே பெரிய தேர்வாக இருந்தது. 2012-இல் ஆறாம் படிவத்தில் சேர்ந்தவர்கள் முதல் அது மூன்று செமஸ்டர்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு செமஸ்டரில் சறுக்கிய தாளை மீண்டும் எழுதவும் வழியுண்டு. கடினமான தேர்வு என்று பெயர் வாங்கிய எஸ்.டி.பி.எம்., ஓர் ஆட்ட இறுதியிலிருந்து மூன்று ஆட்டத் தொடராக மாறியிருக்கிறது என்பதை எத்தனை குடும்பங்கள் அறிந்திருக்கின்றன?

மெர்லிமாவ் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு பாதை வாசலிலேயே இருக்கிறது. நம் ஊரிலேயே பொலிடெக்னிக் இயங்குகிறது. டிப்ளோமா படிப்பில் தீர்ப்பு ஒரே நாளில் வருவதில்லை. செமஸ்டருக்குச் செமஸ்டர் எடுக்கும் புள்ளிகள் ஒன்றுசேர்ந்துதான் கடைசி சராசரி. முதல் செமஸ்டரில் தடுமாறியவர் அடுத்தடுத்த செமஸ்டர்களில் அதைச் சரிக்கட்ட இடமுண்டு. நாள்தோறும் சீராக உழைக்கும் குணமுள்ள, ஆனால் தேர்வு மண்டபத்தில் கை நடுங்கும் மாணவர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்ட முறை இருக்க முடியாது. தோட்டத்துப் பின்னணியிலிருந்து வருபவர்கள் பலரிடம் அந்தக் குணம் பிறவியிலேயே இருக்கிறது. விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பிய பெற்றோரைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா!

வலு குறைந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. குறுகிய தொடர் சிறிய அணியின் நண்பன். 84 வெற்றிகளோடு கடைசி நேரத்தில் உள்ளே நுழைந்த அரிசோனா, அந்த ஆண்டு இறுதித் தொடர் வரை போனது. உங்கள் புள்ளிகளைப் பார்த்து யாராவது "உனக்கு ஏன் இந்த விண்ணப்பம்?" என்று கேட்டால், விண்ணப்பத்தைக் கிழிக்காதீர்கள், அனுப்பி வையுங்கள். களத்தில் இல்லாத அணிக்கு எந்தக் கணக்கும் உதவாது.

மீண்டும் கெர்ஷா

2022, 2023 என இரண்டு ஆண்டுகள் இதே சுற்றில் விழுந்த டாட்ஜர்ஸ், 2024-இலும் இதே சுற்றில் 2-1 எனப் பின்தங்கி நின்றது. எதிரே 2022-இல் வீட்டுக்கு அனுப்பிய அதே சான் டியாகோ. இன்னும் ஒரு தோல்வி என்றால் மூன்றாவது ஆண்டும் முடிந்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் டாட்ஜர்ஸ் ஒரு ரன்கூட விட்டுக்கொடுக்காமல் வென்றது. பின்னர் கிண்ணத்தையும் கைப்பற்றியது.

2025-இல் கெர்ஷா, இதுவே தன் கடைசிப் பருவம் என்று அறிவித்துவிட்டார். அந்த ஆண்டின் இறுதித் தொடர் டொரோண்டோ அணியோடு. அதன் மூன்றாவது ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் நீண்டுகொண்டே போனது. பன்னிரண்டாவது இன்னிங்ஸ். ஆட்டம் 5-5. மூன்று தளங்களிலும் டொரோண்டோ வீரர்கள். ஒரு தவறான பந்து போதும், ஆட்டம் கை நழுவிவிடும். அந்த நேரத்தில் பயிற்சியாளர் அழைத்தது 37 வயது கெர்ஷாவை.

அன்றும் அவர் வெளியேற்றியது ஒரே ஒருவரைத்தான். ஆனால், அன்று அணிக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒருவர்தான். ஆட்டம் பதினெட்டாவது இன்னிங்ஸ் வரை போய், டாட்ஜர்ஸ் 6-5 என வென்றது. ஏழாவது ஆட்டம் வரை நீண்ட அந்தத் தொடரில் கிண்ணமும் அவர்களுக்கே கிடைத்தது.

ஒரே ஒருவரை மட்டும் வெளியேற்றி, தலைகுனிந்து களத்தைவிட்டுப் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் இந்த நாளுக்கும் இடையே இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் செய்ததெல்லாம், அடுத்த ஆட்டத்துக்குத் தயாராக வந்ததுதான்.

மாணவர்களே, நாளை எந்தத் தாளாக இருந்தாலும், அதற்கு நீங்களும் தயாராகுங்கள்.